கேட்போர், எச்சம், முன்னம்: ஜெர்மானியப் படைவீரர்தம் போர் நினைவுரைகளும் கேட்போர் எதிர்வினைகளும்

முன்னுரை

இரண்டாம் உலகப் போரில் (1939–1945) ஜெர்மானியப் படைகளில் ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் பேர் பணியாற்றினர். அவர்கள் தாம் கண்டதையும் செய்ததையும் பற்றிப் பேசியனவாகவும் எழுதியனவாகவும் கூறப்படும் உரைகள் பல வடிவங்களில் இன்று கிடைக்கின்றன. போர்க்கைதிகள் அறியாமல் பதிவுசெய்யப்பட்ட உரையாடல்கள், பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட கதைகள், களத்திலிருந்து வந்தனவாக வெளியிடப்பட்ட மடல்கள், கண்காட்சி அரங்கில் எழுந்த வாதங்கள், நாட்குறிப்புகள் என அவை விரிகின்றன. இவற்றைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் 'சொன்னவர் யார்', 'சொன்னது உண்மையா' என்னும் இரு வினாக்களை மையமாகக் கொண்டே அமைந்துள்ளன. 'கேட்டவர் யார்', 'கேட்டதை அவர் என்ன செய்தார்' என்னும் வினாக்கள் அவற்றிற்கு இணையான இடத்தைப் பெறவில்லை.

இவ்வினாக்களின் இன்றியமையாமை வெளிப்படையானது. இந்நினைவுரைகளில் இடம்பெறும் கொலைகளுக்கு ஆளானோர் பலர் தமக்கென ஒரு சொல்லையும் விட்டுச் செல்லவில்லை. அவர்களைப் பற்றிய செய்தி, சில இடங்களில், கொன்றவர் அல்லது கொலையைக் கண்டு நின்றவர் கூற்றின் வழியாகவே பிற்காலத்தை அடைந்துள்ளது. ஆகவே அக்கூற்றைக் கேட்பவர் எவ்வாறு கேட்கிறார் என்பதைப் பொறுத்தே இறந்தோர் நினைக்கப்படுவதும் மறக்கப்படுவதும் அமைகின்றன. இந்நோக்கில் ஐந்து சான்றுகளைத் தமிழ்ச் செய்யுளியல் தந்துள்ள கலைச்சொற்களின் துணையுடன் ஆராய்வதாக இக்கட்டுரை அமைகின்றது.

கேட்போர் என்னும் உறுப்பு

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு உரியனவாகக் கூறும் முப்பத்துநான்கு உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் ஆகியவை அடங்கும். சொல்பவரை மட்டுமன்றிக் கேட்பவரையும் செய்யுளின் உறுப்பாகவே கொண்ட சிந்தனை இது. கேட்போர் மாறின் கூற்றின் பொருளும் மாறும் என்பது இதன் உட்கிடை.

எச்சம் என்பது சொல்லப்பட்டதைக் கொண்டு சொல்லப்படாததைக் கேட்போர் நிரப்பி முடிக்குமாறு அமைவது. முன்னம் என்பது இவ்விடத்தில் இம்மொழி இன்னார் இன்னார்க்குக் கூறத்தக்கது என்று பொருத்தம் அறியச் செய்வது. மெய்ப்பாடு என்பது ஆராய்ந்து உணரவேண்டாமல் பொருள் தானே புலப்படுமாறு அமைவது. இம்மூன்றனுள் முதல் இரண்டும் கேட்போரிடம் அறிவின் உழைப்பை வேண்டுகின்றன. மூன்றாவது அவ்வுழைப்பு இன்றியே நிகழ்கின்றது. இவ்வேறுபாடு இக்கட்டுரைக்கு அடிப்படையானது.

செய்யுளுக்குரிய இலக்கணத்தை வரலாற்றுச் சான்றுகளின்மேல் அப்படியே ஏற்றிப் பார்த்தல் முறையாகாது. புலவன் அமைத்த கூற்றும் நாட்டின் போரில் ஈடுபட்ட ஒருவன் பேசிய பேச்சும் ஒன்றல்ல. எனினும் 'கூறுவோன் – கேட்போன் – களன்' என்னும் முக்கூற்று உறவைப் பகுத்தறிய இக்கலைச்சொற்கள் துணைபுரியும் என்னும் அளவிலேயே இவை இங்குக் கையாளப்பெறுகின்றன.

சிறைப்புறத்தார் கேட்டவை

அகப்பாடல்களில் தலைவன் சிறைப்புறத்தானாக நிற்கத் தலைவியும் தோழியும் உரையாடும் துறை தமிழாய்வாளர் நன்கறிந்தது. அங்குத் தோழி தலைவன் கேட்பதை அறிந்தே, அவன் கேட்கவேண்டும் என்பதற்காகவே பேசுகிறாள். மறைந்து கேட்பவன் உண்மையில் அக்கூற்றின் இலக்காகவே இருக்கிறான். இதற்கு நேர்மாறான ஒரு சிறைப்புறம் இங்கிலாந்தில் அமைந்தது.

போர்க்காலத்தில் பிரித்தானிய உளவுத்துறை இலண்டனின் வடபகுதியிலுள்ள ட்ரென்ட் பார்க் மாளிகையிலும், பக்கிங்காம்சயர் பகுதியிலுள்ள லாட்டிமர் மாளிகை, வில்டன் பார்க் ஆகிய இடங்களிலும் ஜெர்மானியப் போர்க்கைதிகளைத் தங்கவைத்தது. அறைகளில் ஒலிவாங்கிகள் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. கைதிகள் தமக்குள் பேசியவை வேறோர் அறையில் கேட்கப்பட்டு, வேண்டியவை ஒலித்தட்டில் பதிவாகி, எழுத்தில் பெயர்க்கப்பட்டன. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் ஃபோர்ட் ஹன்ட் முகாமிலும் இதுபோன்ற பணி நடைபெற்றது. 1996-இல் பொதுப்பார்வைக்குத் திறக்கப்பட்ட பிரித்தானிய ஆவணங்களை ஜெர்மானிய வரலாற்றாய்வாளர் சோன்கே நைட்செல் 2001-இல் ஆராயத் தொடங்கினார். பின்னர் அமெரிக்க ஆவணங்களும் சேர, ஏறத்தாழ 1,50,000 பக்கங்கள் ஆய்வுக்குக் கிடைத்தன. இவற்றை அடிப்படையாகக் கொண்டு நைட்செலும் சமூக உளவியலாளர் ஹரால்ட் வெல்ட்சரும் இணைந்து எழுதிய 'படைவீரர்கள்' (சோல்டாட்டன்) என்னும் நூல் 2011-இல் வெளிவந்தது.

படைவீரர்கள் தம் செயல்களை அக்காலச் சூழலின் அளவுகோல்களைக் கொண்டே உணர்ந்தனர் என்பதும், வன்முறையை ஒரு தொழிலாகவே பேசினர் என்பதும் இந்நூலின் மையக் கருத்துகள். பிற்காலத்தார் கேட்பர் என்னும் எண்ணமின்றிப் பேசப்பட்டமையால், போருக்குப் பின்னர் எழுதப்பட்ட தன்வரலாறுகளிலும் நீதிமன்றச் சான்றுரைகளிலும் காணப்பெறாத வெளிப்படைத்தன்மை இவ்வுரையாடல்களுக்கு உண்டு என்பது நூலாசிரியர்தம் துணிபு. இது பெருமளவு ஏற்கத்தக்கதே. எனினும் 'கேட்போர்' என்னும் உறுப்பை முன்னிறுத்தி நோக்கும்போது இரு குறைகள் புலனாகின்றன.

முதலாவது, பேசியவர்க்கு எதிரே கேட்போர் இல்லாமல் இல்லை. உடனிருந்த கைதியே முதற்கேட்போன். அவனும் படைவீரன், பெரும்பாலும் அதே வகைப் படைப்பிரிவைச் சேர்ந்தவன். அவன்முன் தன் வீரத்தை மிகுத்துக் கூறுதலும் இரக்கத்தை மறைத்துக் கூறுதலும் இயல்பு. சில நேரங்களில் உடனிருந்தவன் பேச்சைத் தூண்டுவதற்கென்றே அமர்த்தப்பட்டவனாகவும் இருந்தான். இரண்டாவது, ஒலிவாங்கியின் மறுமுனையில் இருந்தவரும் வெறும் கருவியல்லர். அனைத்துப் பேச்சும் பதிவாகவில்லை. பயன்தரும் என்று கேட்பவர் கருதியபோதே ஒலித்தட்டு இயக்கப்பட்டது. ஆகவே இன்று எஞ்சியுள்ள ஒவ்வொரு பக்கமும் ஒரு கேட்போனின் தேர்வு. நூலாசிரியர்கள் இவற்றை அறியாதவர் அல்லர். எனினும் நூலின் விளக்கத்தில் பேசியவரின் உளப்பாங்கே முழு இடத்தையும் பெற, கேட்டவர் பின்னணியில் மறைந்துவிடுகிறார்.

அக்கேட்போர் யார் என்பது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று. போரின் பிற்பகுதியில் இப்பணியில் அமர்த்தப்பட்டோருள் பலர் ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பி வந்த ஏதிலியர். அவர்களுள் பெரும்பாலோர் யூதர். பெர்லினில் பிறந்து 1939-இல் இங்கிலாந்துக்கு வந்த பிரிட்ஸ் லுஸ்டிக் (1919–2017) அவர்களுள் ஒருவர். தம்மை நாட்டைவிட்டு ஓட்டியவர்களின் மொழி தமக்கும் தாய்மொழியாதலின் அவர்கள் இப்பணிக்குத் தகுதி பெற்றனர். அட்டூழியங்களைப் பற்றிய பேச்சு பதிவானால் அவ்வொலித்தட்டின்மேல் சிவப்பு நிறத்தில் ஓர் எழுத்து இடப்பட்டு, அது அழிக்கப்படாமல் காக்கப்படவேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட நெறி. மற்றத் தட்டுகள் எழுத்தாக்கத்திற்குப்பின் மறுபயன்பாட்டிற்கு உரியனவாயின.

தளபதி வால்டர் புரூன்ஸ் 1945 ஏப்ரலில் உடன்கைதிகளிடம் கூறிய செய்தி இதற்குத் தக்க சான்றாகும். 1941 நவம்பர் 30, டிசம்பர் 8 ஆகிய இரு நாள்களில் லாட்வியாவின் ரீகா நகருக்கு அருகிலுள்ள ரும்புலாக் காட்டில் ஏறத்தாழ 25,000 யூதர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அக்கொலைக்களத்தைத் தாம் கண்டதை விவரிக்கும் புரூன்ஸ், தீயின் நிறத்தில் ஆடை அணிந்த ஒரு பெண் தம் மனக்கண்ணில் இன்னும் தோன்றுவதாகக் குறிப்பிடுகிறார். அப்பெண்ணின் பெயர் அவர் கூற்றில் இல்லை. கொலையைக் கண்டு நின்ற ஜெர்மானியப் படை அதிகாரி ஒருவரின் நினைவிலும், அதனை மறைந்திருந்து கேட்டு எழுதியவரின் கவனத்திலுமே அவள் எஞ்சியிருக்கிறாள். கேட்பவர் அந்நேரம் தட்டை இயக்காதிருந்தால் அந்தச் சிவப்பாடையும் மறைந்திருக்கும்.

இக்கேட்போர்தம் எதிர்வினை என்ன? கடமையின் காரணமாக அவர்கள் சினத்தையோ துயரத்தையோ வெளிக்காட்டும் நிலையில் இல்லை. கேட்டதைக் கேட்டவாறே எழுதுவதே அவர்கள் செய்யக்கூடியதாக இருந்தது. ஒற்றுக்கேட்கும் முறை வெளிப்படக்கூடாது என்பதற்காகப் போருக்குப் பிந்தைய வழக்குகளில் இவ்வெழுத்துகள் சான்றாக வைக்கப்படவில்லை. மறைகாப்பு உறுதிமொழியால் அவர்கள் பல்லாண்டுகள் வாய் திறக்கவும் இயலவில்லை. மெய்ப்பாடு புறத்தே தோன்றாமல் அடக்கப்பட்ட கேட்பு இது. அவ்வடக்கமே பிற்காலத்தார்க்குச் சான்றாயிற்று எனலாம்.

இல்லத்தார் கேட்டவை

வெல்ட்சர், சபீனே மோலர், கரோலினே சுக்னல் ஆகிய மூவரும் எழுதிய 'தாத்தா நாஜி அல்லர்' (ஓப்பா வார் கைன் நாட்சி, 2002) என்னும் நூல் கேட்போரை மையமாகக் கொண்டது. 40 குடும்பங்களின் கூட்டு உரையாடல்களும் 142 தனி நேர்காணல்களும் இதற்கு அடிப்படை. ஒரே நிகழ்ச்சியைப் பாட்டன் அல்லது பாட்டி, மகன் அல்லது மகள், பேரப்பிள்ளை ஆகிய மூன்று தலைமுறையினர் எவ்வாறு சொல்கின்றனர் என்பதை ஒப்பிட்டதே இந்நூலின் சிறப்பு. பதிவான கதைகளுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கில் குடும்பத்தின் மூத்தோர் துன்புற்றவராகவோ எதிர்த்து நின்ற வீரராகவோ காட்டப்பெறுகின்றனர்.

இந்நூல் தரும் ஒரு சான்று படைவீரரைப் பற்றியதன்று எனினும், மாற்றம் நிகழும் முறையைத் தெளிவாகக் காட்டுகின்றது. போர் முடிந்தபின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமிலிருந்து விடுதலையானோரைத் தம் வீட்டில் தங்கவைக்க நேராதவாறு தாம் செய்த சூழ்ச்சியை ஒரு மூதாட்டி கூச்சமின்றிக் கூறுகிறார். அவர்தம் மகன், வேறொரு பண்ணைப் பெண்மணி தப்பியோடியோரை ஒளித்துக் காத்த கதையொன்றைச் சொல்கிறார். பேத்தியோ இரண்டையும் இணைத்து, தம் பாட்டியே ஏதிலியரை ஒளித்துக் காத்ததாகக் கூறுகிறார். பேத்தி பொய் சொல்லவில்லை. பாட்டியின்மீது கொண்ட அன்பு கேட்டதை அவ்வாறு அடுக்கித் தந்தது. இதனை நூலாசிரியர்கள் 'படிப்படியாக வீரராக்குதல்' என்கின்றனர்.

இம்மாற்றத்திற்கு மூத்தோர் பேச்சின் அமைப்பே இடந்தருவதாக இந்நூல் சுட்டுவது குறிப்பிடத்தக்கது. 'அப்போது அப்படித்தான் நடந்தது', 'அவர்களைக் கொண்டுபோனார்கள்' என்றாற்போல எழுவாய் தெளிவில்லாத, செயல் முழுமையாகச் சொல்லப்படாத தொடர்கள் போர்க்கதைகளில் மிகுதியாக வருகின்றன. 'வெற்றுப் பேச்சு' என்று நூலாசிரியர்கள் பெயரிடும் இது, தமிழ் மரபில் எச்சம் என்னும் உறுப்போடு ஒப்பிடத்தக்கது. செய்யுளில் எச்சம் கேட்போரின் நுண்ணறிவுக்கு விடப்பட்ட இடம். போர்க்கதையில் அதே இடம் கேட்போரின் விருப்பத்திற்கு விடப்படுகின்றது. பேரன் அவ்விடத்தைத் தான் அறிய விரும்பும் பாட்டனைக் கொண்டே நிரப்புகிறான். பள்ளியில் நாஜிக் கொடுமைகளை நன்கு கற்றவனே இவ்வாறு நிரப்புகிறான் என்பது எண்ணத்தக்கது. கொடுமையை அவன் எவ்வளவு தெளிவாக அறிகிறானோ அவ்வளவுக்குத் தன் பாட்டனை அதிலிருந்து விலக்க வேண்டியவனாகிறான்.

இவ்வாய்வை ஒட்டி நடத்தப்பட்ட கருத்துக்கணிப்பில் 26 விழுக்காட்டினர் தம் முன்னோர் துன்புறுத்தப்பட்டோர்க்கு உதவியதாகவும், 13 விழுக்காட்டினர் எதிர்ப்பியக்கத்தில் ஈடுபட்டதாகவும் கூறினர். இவை அனைத்தும் உண்மையாயின் அக்கால ஜெர்மனியில் எதிர்ப்பு எங்கும் நிறைந்திருக்க வேண்டும். வரலாறு அதற்குச் சான்று தரவில்லை. முன் பகுதியில் கண்ட 'படைவீரர்கள்' நூலின் இணையாசிரியரும் வெல்ட்சரே என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. 2002-இல் கேட்போரை நடுவில் நிறுத்திய ஆய்வாளர் 2011-இல் அவரை ஓரத்திற்கு நகர்த்தியமை ஒரு முறையியல் இழப்பே ஆகும்.

முன்னம் பிழைத்த மடல்கள்

1950-இல் தொகுப்பாசிரியர் பெயரின்றி 'ஸ்டாலின்கிராடிலிருந்து வந்த இறுதி மடல்கள்' என்னும் சிறுநூல் ஜெர்மனியில் வெளியாயிற்று. 1943 ஜனவரியில் முற்றுகைக்குள்ளிருந்து விமானத்தில் வெளியேறிய கடைசி அஞ்சற்பைகளை மேலிடம் கைப்பற்றி, எழுதியோர் பெயர்களை நீக்கி, தலைமையைப் பற்றி அவர்கள் கொண்டிருந்த மனப்பாங்கின்படி வகைப்படுத்தியதாக அந்நூல் கூறிற்று. தலைமையை ஆதரித்தோர் 2.1 விழுக்காட்டினரே என்பது போன்ற எண்களும் தரப்பட்டன. 39 மடல்களைக் கொண்ட இந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பெரும் வாசகப் பரப்பைப் பெற்றது.

பின்னர் இம்மடல்களின் மெய்ம்மை ஐயத்திற்கு உள்ளாயிற்று. ஸ்டாலின்கிராட் களத்தில் இருந்தவரும் ஹெகல் ஆய்வாளருமான வில்ஹெல்ம் ரைமுண்ட் பையர் இவற்றை மறுத்தோருள் குறிப்பிடத்தக்கவர். போர்ச்செய்தியாளராக இருந்த ஹைன்ஸ் ஷ்ரோட்டரின் கை இவற்றில் உண்டு என்னும் கருத்து வலுப்பெற்றது. யென்ஸ் ஏபர்ட் 2003-இல் வெளியிட்ட ஸ்டாலின்கிராட் களமடல்களின் தொகுப்போடு ஒப்பிடுவோர் இரண்டிற்குமுள்ள தொலைவை எளிதில் உணரலாம். இறுதி மடல்கள் புனைவு என்னும் கருத்தே இன்று ஆய்வாளரிடையே மேலோங்கியுள்ளது.

புறச்சான்றுகளை விடுத்து முன்னம் ஒன்றையே கொண்டு நோக்கினும் இம்மடல்களின் பொருந்தாமை புலப்படும். களமடல் என்பது மனைவிக்கோ தாய்க்கோ எழுதப்படுவது. பசி, குளிர், பேன், வராத பொட்டலம், கிடைக்காத மறுமொழி ஆகியவையே அதில் நிறைந்திருக்கும். தணிக்கை உண்டு என்பதை எழுதுபவன் அறிவான். தான் எழுதுவது கடைசி விமானத்தில் செல்லும் மடலா என்பதை அவன் அறியான். இறுதி மடல்களை எழுதியவர்களோ தம் மடல் இறுதியானது என்பதை ஐயமின்றி அறிந்தவர்களாகவும், தணிக்கையை அஞ்சாதவர்களாகவும் காணப்படுகின்றனர். விரலிழந்த இசைக்கலைஞர், இறைவனைக் களத்தில் காணாத போதகரின் மகன், இடிந்த நகரத் தெருவில் பியானோவில் ஒலித்த பீத்தோவன் இசை என ஒவ்வொரு மடலும் முழுமையுற்ற ஒரு சிறுகதையாக முடிகின்றது. மடலின் முதற்கேட்போராகிய தாயும் மனைவியும் பெயரளவிலேயே உள்ளனர். உண்மையான கேட்போர் 1950-ஆம் ஆண்டின் வாசகரே ஆவர்.

அவ்வாசகர் இவற்றை ஏன் ஐயுறாது ஏற்றனர்? 1943 பிப்ரவரி தொடக்கத்தில் ஸ்டாலின்கிராட் போர் முடிந்தபோது ஏறத்தாழ 91,000 பேர் சிறைப்பட்டனர். அவர்களுள் ஊர் திரும்பியோர் ஏறத்தாழ 6,000 பேரே. 1950-இல் பல இல்லங்கள் காணாமற்போனவருக்காகக் காத்திருந்தன. சோவியத் சிறையில் எஞ்சியிருந்தோர் 1955–56-இலேயே விடுவிக்கப்பட்டனர். வராத மடலுக்காக ஏங்கிய இல்லத்தார்க்கு இந்நூல் ஒரு மடலைத் தந்தது. அவர்தம் அழுகை பொய்யன்று. அழுகைக்குரிய நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் கூறும் நான்கனுள் ஒன்றாகிய இழவு அவர்களிடம் உண்மையாகவே இருந்தது. ஆயின் அவ்வழுகையைத் தூண்டிய மடல்களில் அந்நகரில் மாண்ட சோவியத் மக்கட்கு இடமில்லை என்றே கூறலாம். படைவீரன் தன் தலைமையால் கைவிடப்பட்டவனாக மட்டுமே தோன்றுகிறான். அவன் அந்நகருக்கு எதற்காகச் சென்றான் என்னும் வினா எழுவதில்லை. மெய்யான துயரம் பொய்யான கூற்றின்மேல் படிந்தமையால், பிறர் துயரம் கண்ணில் படாதாயிற்று.

களன் மாறியபோது

இதுகாறும் கண்டவை இல்லத்திலும் தனியறையிலும் நிகழ்ந்த கேட்புகள். பொதுக்களனில் இந்நினைவுரைகள் பெற்ற எதிர்வினை வேறானது. ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் 1995 மார்ச்சில் தொடங்கிய 'அழிப்புப்போர்: ஜெர்மானியப் படையின் குற்றங்கள் 1941–1944' என்னும் கண்காட்சி ஜெர்மனி, ஆஸ்திரிய நகரங்கள் பலவற்றிற்குச் சென்றது. பிடிபட்ட ஏறத்தாழ 57 இலட்சம் சோவியத் போர்க்கைதிகளுள் ஏறத்தாழ 33 இலட்சம் பேர் இறந்த செய்தியும், யூதர் படுகொலையில் பொதுப்படை கொண்ட பங்கும் இக்கண்காட்சியால் மக்கள் முன் வைக்கப்பட்டன. குற்றம் செய்தவர் தனிப்பிரிவினரே, பொதுப்படை தூய்மையானது என்று போருக்குப்பின் நிலவிய நம்பிக்கையை இது அசைத்தது. 1997-இல் மியூனிக் நகரில் எதிர்ப்பு ஊர்வலம் நடைபெற்றது. நாடாளுமன்றத்திலும் விவாதம் எழுந்தது. 1999 மார்ச்சில் சார்புரூக்கன் நகரில் கண்காட்சிக் கட்டடத்தில் குண்டு வெடித்தது. சில ஒளிப்படங்கள் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தமையை ஆய்வாளர் சுட்டிக்காட்டியதால் அவ்வாண்டு இறுதியில் கண்காட்சி நிறுத்தப்பட்டது. ஆராய்ந்த குழு, பிழைகள் உண்டு எனினும் அடிப்படைக் கருத்து சரியே என 2000-இல் அறிவித்தது. திருத்தி அமைக்கப்பட்ட கண்காட்சி 2001 முதல் 2004 வரை நடைபெற்றது.

இக்கண்காட்சி 1995-இல் வியன்னாவில் நடந்தபோது ஆஸ்திரியத் திரைப்பட இயக்குநர் ரூத் பெக்கர்மன் அரங்கிற்கு வந்த முதியோரின் பேச்சைப் படமாக்கினார். 'போருக்கு அப்பால்' (யென்சைட்ஸ் டெஸ் கிரீகஸ், 1996) என்னும் அவ்வாவணப்படத்தில் ஒளிப்படங்கள் பின்னணியில் மட்டுமே உள்ளன. முகங்களும் குரல்களுமே முன்னிற்கின்றன. ஒருவர் தாம் எதையும் கண்டதில்லை என்கிறார். அருகில் நிற்கும் மற்றொரு முன்னாள் வீரர், கண் இருந்தவர் எவரும் காணாமல் இருந்திருக்க முடியாது என்னும் பொருள்பட மறுக்கிறார். இங்கு முதன்முறையாக, கூறுவோனுக்கு ஒப்பான பட்டறிவு உடையவனே கேட்போனாக எதிர்நின்று, பொதுமக்கள் முன்னிலையில் கூற்றைச் சோதிக்கிறான். ட்ரென்ட் பார்க் அறையிலும் கேட்டவன் உடன்வீரனே. ஆனால் அங்கு மறுக்கும் தேவை அவனுக்கு இல்லை. களன் மாறியதால் உடன்வீரனின் கேட்பு உடன்பாட்டிலிருந்து விசாரணையாக மாறியது. எச்சத்தை விருப்பம் நிரப்பாதவாறு மற்றொருவரின் நினைவு தடுத்தது.

கேட்க மறுத்தலும் கேட்கத் துணிதலும்

ஜெர்மானிய எழுத்தாளர் ஊவே டிம் (பிறப்பு 1940) எழுதிய 'என் அண்ணனைச் சான்றாகக் கொண்டு' (2003) என்னும் நூல் இல்லத்துக் கேட்போன் ஒருவன் தன் விருப்பத்தை எதிர்த்துக் கேட்ட வரலாறாகும். அவரினும் பதினாறு வயது மூத்த அண்ணன் நாஜி ஆயுதப்படையான வாஃபன்-எஸ்.எஸ். அமைப்பின் டோட்டன்கோப்ஃப் பிரிவில் தாமே விரும்பிச் சேர்ந்து, இரு கால்களையும் இழந்து, 1943 அக்டோபரில் உக்ரைன் மண்ணில் இறந்தார். அவர் எழுதிய நாட்குறிப்பும் மடல்களும் இல்லத்திற்கு வந்துசேர்ந்தன. பெற்றோரின் நினைவில் அவர் அஞ்சாத, பொய்யுரையாத பிள்ளை.

நாட்குறிப்பின் ஓரிடத்தில், தொலைவில் நின்று புகைபிடிக்கும் எதிரிநாட்டு வீரன் ஒருவனைத் தம் இயந்திரத் துப்பாக்கிக்கு இரையாகக் குறிக்கும் தொடர் வருகின்றது. அவ்விடத்தை அடைந்தபோதெல்லாம் குறிப்பேட்டை மூடிவிட்டதாக டிம் எழுதுகிறார். சிறுவயதில் தாய் படித்துக்காட்டிய நீலத்தாடிக் கதையில், பூட்டிய அறை திறக்கும் கட்டம் வரும்போது மேலே படிக்கவேண்டாம் எனத் தடுத்ததோடு இதனை அவர் ஒப்பிடுகிறார். கேட்க மறுத்தலும் கேட்போனின் ஓர் எதிர்வினையே என்பதை இது உணர்த்துகின்றது. தாயும் தமக்கையும் மறைந்த பின்னரே அவரால் அந்நூலை எழுத முடிந்தது. அவர்கள் வாழ்ந்த காலத்தில் அக்கேட்பு அவர்தம் நினைவைக் காயப்படுத்தியிருக்கும்.

எழுதத் தொடங்கியபின் டிம் எச்சத்தை நிரப்புவதில்லை, எச்சத்தைச் சுட்டுகிறார். ஹாம்பர்க் நகரின்மேல் குண்டு வீசியதைப் பெண்டிரையும் குழந்தைகளையும் கொல்லும் கொலை என்று மடலில் கண்டிக்கும் அண்ணன், தம் படை சென்ற ஊர்களின் மக்களைப் பற்றி அவ்வாறு ஒரு சொல்லும் எழுதவில்லை என்பதை அவர் குறிக்கிறார். நிகழும் கொடுமைகளை எழுதிவைப்பது பொருளற்றது எனக் கூறி நாட்குறிப்பு முடிகின்றது. அக்கொடுமைகள் எவை, யார்க்கு யார் செய்தவை என்பது அத்தொடரில் இல்லை. அண்ணன் இறுதியில் மனம் மாறினார் என்று கொள்ள அது இடந்தருகின்றது. தம்பியும் அவ்வாறே விரும்புகிறார்; எனினும் விருப்பத்தை முடிவாக மாற்றவில்லை. முன்பு கண்ட பேத்தி விரைந்து நிரப்பிய இடத்தை, இவர் வெற்றிடமாகவே விட்டுக் காட்டுகிறார். அன்பை இழக்காமலேயே அன்பின் திரிபைத் தடுக்கலாம் என்பதற்கு இந்நூல் சான்று.

மெய்ப்பாடும் முன்னமும்

மேற்கண்ட எதிர்வினைகளை எண்வகை மெய்ப்பாடுகளோடு இயைத்து நோக்கலாம். இல்லத்தார் கேட்பில் பெருமிதமும், இறுதி மடல்களின் வாசகரிடம் அழுகையும், கண்காட்சியை எதிர்த்தோரிடம் வெகுளியும் மேலோங்கின. தறுகண்மையைப் பெருமிதத்திற்கு நிலைக்களனாகக் கொண்ட புறத்திணை மரபில் பயின்றோர்க்கு, போர்வீரன் கூற்றைக் கேட்டவுடன் பெருமிதமும் இரக்கமும் எழுதல் இயல்பு. செய்யுளில் அது பிழையன்று. ஆனால் குற்றத்தின் நிழல் படிந்த நினைவுரையில், ஆராய்ச்சியின்றித் தோன்றும் மெய்ப்பாடு கேட்போனையும் அறியாமல் ஒரு தீர்ப்பை வழங்கிவிடுகின்றது. அதனால் இத்தகைய உரைகளில் மெய்ப்பாட்டிற்கு முன்னர் முன்னம் அமைதல் வேண்டும்: யார், யாரிடம், எங்கு, எக்காலத்தில் இதனைக் கூறினார் என்பதை அறிந்தபின் எழும் இரக்கமே நம்பத்தக்கது.

இவ்வாறு கூறுதல் இரக்கத்தை மறுப்பதாகாது. ஸ்டாலின்கிராடில் பசியால் மாண்ட பத்தொன்பது வயது இளைஞனுக்காக வருந்துதல் தகும். அவனுக்காக வருந்தும் நெஞ்சில் ரும்புலாக் காட்டின் சிவப்பாடைப் பெண்ணுக்கும் இடம் இருத்தல் வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. ஜெர்மானியப் படைவீரர்தம் போர் நினைவுரைகளில் கேட்போரும் பொருளாக்கத்தில் பங்குகொள்கின்றனர். தேர்ந்து பதிதல், நிரப்புதல், ஏற்றல், மறுத்தல், கேட்காது விலகுதல் என அப்பங்கு பலவகைப்படும்.

2. கூற்றிலுள்ள எச்சத்தை அன்பு நிரப்பும்போது முன்னோர் வீரராகின்றனர். துயரம் நிரப்பும்போது புனைவும் மெய்யாக ஏற்கப்படுகின்றது.

3. ஒற்றுக்கேட்ட பதிவுகள் கேட்போர் அற்ற தூய சான்றுகள் அல்ல. உடன்கைதி, பதிவுசெய்தவர் ஆகிய இருவகைக் கேட்போரையும் கருத்திற்கொண்டே அவை படிக்கப்பட வேண்டும்.

4. பொதுக்களனில் உடன்வீரரே எதிர்க்கேட்போராக நிற்கும்போது கூற்று சோதனைக்கு உள்ளாகின்றது. தனிக்களனில் இச்சோதனையைக் கேட்போன் தன்னுள் தானே நிகழ்த்தவேண்டியுள்ளது.

5. கேட்போர், எச்சம், முன்னம், மெய்ப்பாடு ஆகிய தமிழ்ச் செய்யுளியற் கருத்துகள், உரிய வரையறையுடன் கையாளப்பெறின், பிறநாட்டுச் சான்றுரை இலக்கியங்களை ஆராயவும் பயன்படும்.

அப்போரில் பங்கேற்ற தலைமுறை ஏறத்தாழ முழுமையாக மறைந்துவிட்டது. இனிக் கூறுவோரை வினவ இயலாது. அவர்தம் கூற்றுகளே எஞ்சியுள்ளன. அவற்றில் விடப்பட்ட இடங்களை நிரப்புவதும் நிரப்பாது சுட்டுவதும் இனி முற்றிலும் கேட்போர் பொறுப்பே ஆகும்.